கார் ஏசியில் வெப்பக் காற்று வந்தால்: கேஸ் நிரப்பும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பங்குனி பிறந்ததும் திருநெல்வேலிப் பக்கம் ஏசி வேலை பார்க்கும் எங்களிடம் வண்டியை விடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “அண்ணாச்சி, கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பிக் கொடுங்கள்.” காற்று எப்போது வெப்பமாக வருகிறது, ஓடும்போதா நிற்கும்போதா, காலையிலா மதியத்திலா என்று யாரும் சொல்வதில்லை. கடைக்காரரும் கேட்காமல் நிரப்பி அனுப்பிவிட்டால், சித்திரையில் அதே வண்டி அதே வெப்பக் காற்றோடு திரும்பி வந்து நிற்கிறது.

இந்த ஊர் வெயிலில் கார் ஏசியை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. கத்திரி நாட்களில் பாளையங்கோட்டையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடுகிறது. திசையன்விளையிலிருந்தோ நாங்குநேரியிலிருந்தோ நிறைமாதக் கர்ப்பிணியை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கு அழைத்து வருகிறவருக்கு அந்த ஒரு மணி நேரக் குளிர்ச்சி எவ்வளவு பெரிது என்று நாம் அறிவோம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். கீழே உள்ளவற்றில் முதல் பாதியை வண்டி வைத்திருக்கும் எவரும் வீட்டு வாசலிலேயே செய்யலாம். மறுபாதி கடையில் நடப்பது. அங்கே என்ன கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கேஸ் தீர்ந்துபோகுமா?

ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் வண்டியின் ஆயுள் முழுவதும் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்களின் வழியே ஆண்டுக்குச் சில கிராம் வெளியேறுவது இயல்பு. அதற்கு மேல் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் நிரப்பும் கேஸ் முழுவதும் காற்றில்தான் போகும்.

அது சுற்றும் வழியைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்கி, வண்டியின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு கேஸ் திரவமாகிறது. டிரையர் வழியாக ஈரம் நீங்கி எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வருகிறது. அதன் சிறு துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழ, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அந்தத் திரவம் கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கான வெப்பத்தை உங்கள் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இன்று ஓடும் பெரும்பாலான வண்டிகளில் உள்ள ஆர்-134ஏ என்ற கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் -26 டிகிரியிலேயே கொதிக்கும். தோலில் பட்டால் உறைபனிக் காயமும் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்தும் நேர்வது இதனால்தான்.

ஆக, குளிர்ச்சி வராததற்குக் காரணம் காயில் மீது காற்று போகாததாக இருக்கலாம், முகப்பில் வெப்பம் வெளியேறாததாக இருக்கலாம், கம்ப்ரசர் ஓடாததாக இருக்கலாம், கேஸின் அளவோ தரமோ சரியில்லாததாக இருக்கலாம். ஹீட்டரின் வெப்பம் உள்ளே கலந்துவிடுவதும் உண்டு. செலவில்லாதவற்றை முதலில் பார்த்துவிட்டு, கேஸைக் கடைசியில் பாருங்கள்.

வண்டி சொல்வதைக் கேளுங்கள்

கருவி எதையும் கையில் எடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் வண்டியைக் கவனியுங்கள். கோளாறு தன்னைக் காட்டிக்கொள்ளும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

நான்குவழிச் சாலையில் வள்ளியூர் வரை நன்றாகக் குளிர்ந்த வண்டி, டவுன் ரத வீதியிலோ வண்ணார்பேட்டை சிக்னலிலோ நிற்கும்போது வெப்பக் காற்றை வீசினால், கண்டன்சர் அடைப்பையோ அதன் ஃபேனையோ சந்தேகியுங்கள். ஓடும்போது எதிர்காற்றே கண்டன்சரைக் குளிர்வித்துவிடுகிறது. நின்றதும் அந்த வேலை முழுவதும் ஃபேன் மீது விழுகிறது. கேஸ் ஓரளவு குறைந்த வண்டியும் தேய்ந்த கம்ப்ரசரும் இதே குணத்தைக் காட்டக்கூடும். இருந்தாலும் முதலில் ஃபேனைப் பார்ப்பதுதான் முறை.

ஏறியதும் நல்ல குளிர், ஒரு மணி நேரம் போனதும் காற்றின் வேகமே குறைந்து, பிறகு குளிரும் போய்விடுகிறது. கால் மணி நேரம் ஏசியை அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி நன்றாக இருக்கிறது. இப்படியென்றால் கூலிங் காயில் மீது பனி கட்டுகிறது. காயில் 0 டிகிரியை நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்தச் சொல்ல வேண்டிய தெர்மிஸ்டர் என்ற சென்சார் வேலை செய்யவில்லை, அல்லது உள்ளே வரும் காற்றைச் சலிக்கும் ஃபில்டர் அடைத்துக் காற்று போதவில்லை. சுரண்டை, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் நீண்ட தூரம் வருகிறவர்கள் இதை அதிகம் சொல்வார்கள். இதற்கும் கேஸ் நிரப்பிய கடைகள் உண்டு என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சில நிமிடம் குளிர், சில நிமிடம் வெப்பம் என்று மாறி மாறி வந்தால் இரண்டு சந்தேகங்கள். குழாய்க்குள் ஈரம் இருந்தால் அது எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனியாகி வழியை அடைக்கும், உருகினால் திறக்கும். இல்லையென்றால், எஞ்சின் சூடேறியதும், கம்ப்ரசரைப் பெல்ட் சக்கரத்தோடு இணைக்கும் கிளட்ச் பிடியை விட்டுவிடும். ஆறினால் மறுபடி பிடிக்கும். மதியம் ஓடாத ஏசி மாலையில் தானாக ஓடினால் இரண்டாவதன் மேல் சந்தேகத்தை வையுங்கள்.

பாபநாசத்திலிருந்து காரையாறு நோக்கி மலை ஏறும்போது முதல் கியரில் முழு மிதி கொடுக்கும் சில விநாடிகள் குளிர் குறைவது கோளாறு அல்ல. எஞ்சினுக்கு வலு தேவைப்படும்போது கம்ப்ரசரைச் சற்று நேரம் நிறுத்தும்படி பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறி, அதோடு ஏசியும் நின்றால் வண்டியை ஓரம் கட்டுங்கள். அப்போது காப்பாற்ற வேண்டியது எஞ்சினை.

காருக்குள் பார்க்க வேண்டியவை

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடமாவது ஓட்டுங்கள். உள்ளே தேங்கியுள்ள காற்று வெளியே உள்ளதைவிட மிகக் கொடுமையான சூட்டில் இருக்கும். அது வெளியேறிய பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்துங்கள். காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்டிருப்பது அதுதான். வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் வைத்துக்கொண்டு சித்திரை மாதத்தில் எந்த ஏசியாலும் சமாளிக்க முடியாது. பொத்தானை அழுத்தியும் காற்றின் ஓசை மாறவில்லை என்றால், உள்ளே இருக்கும் மடிப்புக் கதவு நகரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வெப்பநிலைக் குமிழ். அதை முழுக் குளிரிலிருந்து முழுச் சூட்டுக்கும், மறுபடி முழுக் குளிருக்கும் திருப்புங்கள். காற்றில் மாற்றமே இல்லை, அல்லது டேஷ்போர்டுக்குள் டக் டக் என்ற ஓசை தொடர்ந்து வருகிறது என்றால், ஹீட்டர் காற்றைக் கலக்கும் கதவின் கேபிளோ சிறு மோட்டாரோ பழுதாகியிருக்கிறது. ஏசி முழுமையாக வேலை செய்தும் எஞ்சினின் சூடு கலந்து வெப்பக் காற்றாக வரும் நிலை இது. ஓட்டுநர் பக்கம் குளிர், பக்கத்து இருக்கையில் வெப்பம் என்று வரும் வண்டிகளில் இந்தக் கதவையும் பாருங்கள், கேஸ் குறைவையும் பாருங்கள். இரண்டுக்கும் அந்தக் குணம் உண்டு.

காற்றின் வேகமே குறைவாக இருந்தால் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் உள்ள கேபின் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் பெட்டியின் இரு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்தி இறக்கினால் ஃபில்டர் மூடி தெரியும். ஸ்குரூ டிரைவர்கூடத் தேவைப்படாது. காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவிப் போடாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். ஃபில்டரை எடுத்துவிட்டு வெறுமனே ஓட்டுவது அதைவிடக் கெடுதல். தூசி நேராகக் கூலிங் காயிலில் படிந்து ஈரத்தோடு சேறாகிவிட்டால், அதைச் சுத்தம் செய்ய டேஷ்போர்டைக் கழற்ற வேண்டி வரும்.

ஒரு வெப்பமானி வாங்குங்கள்

கையை வைத்துப் பார்த்து “குளிர்கிறது”, “குளிரவில்லை” என்று சொல்வதை நம்ப வேண்டாம். மின்பொருள் கடைகளில் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் வெப்பமானி போதும். வண்டியை நிழலில் நிறுத்தி, நடு வழிக் காற்றுத் துளைக்குள் அதன் முனையைச் செருகுங்கள். முழுக் குளிர், உள்காற்றுச் சுழற்சி, ப்ளோயர் (உள்ளே காற்று வீசும் விசிறி) நடுத்தர வேகம், எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று. பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மார்கழிக் காலையில் 5 அல்லது 6 டிகிரி வரை இறங்கும். நிழலிலேயே 38 டிகிரி உள்ள நாளில் 8 முதல் 12 வரை இருந்தால் குறை சொல்ல முடியாது. 15-க்கு மேல் நின்றால் கோளாறு உண்டு. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் எழுதிவையுங்கள். கடைக்குப் போகும்போது இந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.

கண்டன்சரும் ஃபேனும்: நம் ஊரின் முதல் குற்றவாளி

என் கைக்கு வரும் வண்டிகளில் கேஸ் மீது பழி போடப்பட்டு, கடைசியில் கண்டன்சரைக் கழுவியதில் சரியானவை ஏராளம். அதற்கு இந்த மண்ணே காரணம். மாசி, பங்குனியில் பிசான அறுவடை நடக்கும்போது அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் சாலைகளில் நெல் சுணையும் வைக்கோல் தூசியும் பறக்கின்றன. ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் புழுதி முகத்தில் அறைகிறது. திசையன்விளைத் தேரிச் செம்மண் மாவு போல நுண்ணியது. கண்டன்சரின் இதழ்களுக்குள் புகுந்து, பனி ஈரம் பட்டதும் பூச்சாகிவிடும். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அலுமினிய இதழ்களையே அரிக்கிறது. கை பட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும் கண்டன்சருக்குக் கழுவுதல் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

கழுவும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சாவியை எடுத்துவிடுங்கள். பல வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும். வேட்டி நுனி, துண்டு, சேலை முந்தானை எதுவும் அந்தப் பக்கம் தொங்கக் கூடாது. மென்மையான பிரஷ்ஷால் இதழ்கள் ஓடும் திசையிலேயே தட்டி, தோட்டத்துக் குழாயின் மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். முடிந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து முகப்பை நோக்கி விடுங்கள். வந்த வழியே அழுக்கு திரும்பும். வாட்டர் சர்வீஸ் நிலையங்களின் அதிவேகப் பம்பைப் பக்கத்தில் பிடித்தால் இதழ்கள் மடிந்து, அழுக்கு அடைத்ததைவிட மோசமாக வழி அடையும். ராதாபுரம் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீரைவிட ஆற்றுக் குடிநீர் நல்லது. உப்புத் தண்ணீர் காய்ந்தால் படிவாகத் தங்கிவிடுகிறது.

முன்னால் பளபளவென்று தெரிவதை வைத்து ஏமாறாதீர்கள். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள இடுக்கில்தான் பூச்சியும் தூசியும் மெத்தையாகச் சேர்ந்திருக்கும். மேல் தாங்கியின் போல்ட்டுகளைத் தளர்த்தி இரண்டையும் விலக்கினால்தான் அது தெரியும். வீட்டில் முடியாவிட்டால் கடையில் இதைக் குறிப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். நான்குவழிச் சாலை இரவுப் பூச்சிகளுக்குப் பயந்து முகப்பில் கொசுவலை கட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள். காற்றைத் தடுப்பதில் அதற்கு நிகர் இல்லை.

இனி ஃபேன். எஞ்சினை ஓட விட்டு ஏசியைப் போட்டால், ஓரிரு நிமிடத்துக்குள் முகப்பு ஃபேன் சுழல வேண்டும். ஒரு மெல்லிய காகிதத்தைக் கிரில் மீது வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளிழுக்கப்படுகிறது. விலகி விழுந்தால் ஃபேன் பலவீனம், அல்லது மோட்டார் மாற்றும்போது வயர்களை இடம் மாற்றி இணைத்துவிட்டதால் தலைகீழாகச் சுழல்கிறது. இரண்டு வேகம் உள்ள ஃபேன்களில் ரெசிஸ்டர் எரிந்துபோனால் குறைந்த வேகம் மட்டும் வேலை செய்யாது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அது முழு வேகத்தில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, ஃபேன் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடுவார்கள்.

சந்தேகம் மீதம் இருந்தால் ஒரு சோதனை போதும். வண்டி ஐட்லிங்கில் வெப்பக் காற்றை வீசும்போது கண்டன்சர் மீது முகப்பு வழியாகத் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். வெப்பமானி எண் நாலைந்து டிகிரி இறங்கினால், குறை வெப்பம் வெளியேறும் இடத்தில்தான் இருக்கிறது. கேஸ் பக்கம் போகவே வேண்டாம்.

கம்ப்ரசர் பிடிக்கிறதா?

பானெட்டைத் திறந்து, ஒருவரை உள்ளே உட்கார வைத்து ஏசியைப் போடச் சொல்லுங்கள். கிளட்ச் உள்ள கம்ப்ரசரில் பெல்ட் ஓடும் சக்கரம் எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு முன்னால் நடுவில் உள்ள தட்டைப் பாருங்கள். ஏசி போட்டதும் டக்கென்ற ஓசையோடு அந்தத் தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து மின் இணைப்பைப் போட்டு நிறுத்தும் ரிலே. ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் படம் இருக்கும். ஏசி ரிலேயை அதே எண் கொண்ட ஹார்ன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிடித்துவிட்டால் ஒரு ரிலே வாங்கினால் வேலை முடிந்தது. வயல் ஓரத்திலும் மாட்டுத் தொழுவத்தின் பக்கத்திலும் நிற்கும் வண்டிகளில் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்த நாட்களில் இது அதிகம்.

மின்சாரம் 12 வோல்ட் வந்தும் தட்டு பிடிக்கவில்லை என்றால் கிளட்ச் காயிலையும் இடைவெளியையும் அளக்க வேண்டும். காயிலின் தடை வழக்கமாக 3 முதல் 5 ஓம் வரை இருக்கும். தட்டுக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். தேய்ந்து இடைவெளி கூடிவிட்டால் காலையில் பிடிக்கும் கிளட்ச் மதியச் சூட்டில் பிடிக்காது. உள்ளே உள்ள மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தால் சரியாகும் இந்தக் கோளாறுக்கு முழுக் கம்ப்ரசரையே மாற்றச் சொன்ன இடங்களும் உண்டு. சொன்னவர் அளந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிரஷர் சுவிட்ச் வயரை நேராக இணைத்துக் கம்ப்ரசரை வலுக்கட்டாயமாக ஓட வைக்காதீர்கள். கேஸ் இல்லாதபோது அந்தச் சுவிட்ச் கம்ப்ரசரைத் தடுத்துக் காப்பாற்றுகிறது. கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் ஆயிலும் இல்லாமல் உள்ளே உலோகம் உரசிப் பொடியாகும். சில புதிய வண்டிகளில் கிளட்சே கிடையாது; அவற்றில் டக் ஓசையை எதிர்பார்க்காமல் ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது.

கேஜ் காட்டும் கதை

இவ்வளவும் சரியாக இருந்தால் இப்போது கடைக்குப் போங்கள். கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜ் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அதில் நீல முள் அழுத்தம் குறைந்த பக்கத்தையும் சிவப்பு முள் அழுத்தம் கூடிய பக்கத்தையும் காட்டும். நல்ல மெக்கானிக் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

வண்டி ஓடாமல் ஆறி நிற்கும்போது இரண்டு முள்ளும் ஒரே எண்ணைக் காட்டும். ஆர்-134ஏ என்றால் 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133. இதை வைத்து “அழுத்தம் இருக்கிறது, கேஸ் சரியாக இருக்கிறது” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே சிறிதளவு திரவம் மிச்சம் இருந்தாலும், முழு அளவு இருந்தாலும் நிற்கும் அழுத்தம் ஒன்றுதான். அட்டவணையைவிடக் குறைவாக இருந்தால் கேஸ் பெரும்பாலும் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். அதைவிட அதிகமாக இருந்தால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது.

ஓடும்போதுதான் உண்மை தெரியும். வெளியே 35 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கும் நாளில் நீல முள் 30 முதல் 45 வரையும் சிவப்பு முள் 200 முதல் 275 வரையும் நிற்பது நல்ல நிலை. இரண்டும் குறைந்திருந்தால் கேஸ் கசிந்திருக்கிறது. இரண்டும் அளவுக்கு மேல் இருந்தால் கேஸ் அதிகம், அல்லது கண்டன்சர் வெப்பத்தை விடவில்லை. நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கினால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. நீலம் பூஜ்யத்தை நோக்கி விழுந்தால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு. இவற்றில் கேஸ் நிரப்பிச் சரியாவது இரண்டும் குறைந்திருக்கும் நிலை மட்டும்தான், அதுவும் கசிவை அடைத்த பிறகு.

அளவுக்கு மேல் நிரப்பினாலும் வெப்பக் காற்றுதான் வரும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். “இன்னும் கொஞ்சம் போடுங்கள்” என்று கேட்டு வாங்குகிறவர்கள் தங்கள் பணத்தில் தங்கள் கம்ப்ரசரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கசிவைத் தேடுதல்

கேஸ் ஒழுகும் இடத்தில் அதோடு ஆயிலும் வந்து, புழுதி ஒட்டிக் கறையாகத் தெரியும். குழாய் இணைப்புகளின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், கம்ப்ரசரின் முன்புற சீல், கல் அடிபட்ட கண்டன்சர் இவற்றை முதலில் பாருங்கள். கேஸ் நிரப்பும் வால்வுகளுக்கு மேல் உள்ள பிளாஸ்டிக் மூடி தொலைந்திருந்தால் அங்கேயும் சோப்பு நுரை தடவுங்கள். அந்தச் சிறு மூடியைப் பலர் பொருட்டாக நினைப்பதில்லை.

கேஸ் முழுதும் போய்விட்ட வண்டியில் நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது நம்பகமான முறை. ஆக்சிஜனை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். சிறு கசிவுகளுக்குப் புற ஊதா ஒளியில் மின்னும் சாயம் போட்டுச் சில நாள் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். கூலிங் காயில் கசிகிறதா என்பதை டேஷ்போர்டைப் பிரிக்காமலே அறியலாம். ப்ளோயரைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் மின்னணுக் கசிவுமானியைப் பிடித்தால் அது ஒலி எழுப்பும். டேஷ்போர்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

கசிவை உள்ளிருந்தே அடைத்துவிடும் என்று டப்பாவில் விற்கும் திரவங்களை வாங்காதீர்கள். எக்ஸ்பான்ஷன் வால்வையும் அவை அடைத்துவிடுகின்றன.

வேக்யூம், எடை, கேஸின் தரம்

பழுது பார்த்த பிறகு வேக்யூம் பம்ப் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். உள்ளே நுழைந்த காற்றையும் ஈரத்தையும் அது வெளியேற்றுகிறது. ஈரம் தங்கினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உட்பகுதிகளை அரிக்கும். ஐந்து நிமிடம் ஓட விட்டு “போதும்” என்பவரிடம் காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். பம்பை நிறுத்திக் கால் மணி நேரம் முள் ஏறாமல் நிற்க வேண்டும். ஆனால் வேக்யூம் நின்றதாலேயே கசிவு இல்லை என்று ஆகாது. வேக்யூமில் குழாய்ச் சுவரின் மேல் வருவது ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது 15 பிஎஸ்ஐக்கும் குறைவு. வண்டி ஓடும்போது அதே இணைப்பு 250 பிஎஸ்ஐயைத் தாங்க வேண்டியிருக்கிறது. நைட்ரஜன் சோதனையைத் தவிர்ப்பதற்கு வேக்யூமைக் காரணம் காட்ட முடியாது.

கேஸை எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். எத்தனை கிராம் என்பது பானெட்டின் அடியில் ஒட்டிய தாளில் அச்சிட்டிருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராமுக்குள் அடங்கும். முள்ளைப் பார்த்துக் கைக்கணக்கில் நிரப்புவது அந்தக் காலத்துப் பெரிய அமைப்புகளுக்குச் சரி. இன்றைய சிறிய கண்டன்சர்களில் 50 கிராம் வித்தியாசமே குளிர்ச்சியைக் கெடுத்துவிடும். அதே தாளில் கேஸின் பெயரும் இருக்கும். ஆர்-1234ஒய்எஃப் என்று எழுதிய வண்டியில் ஆர்-134ஏ போடக் கூடாது, இரண்டையும் கலக்கவும் கூடாது. எஞ்சின் ஓடும்போது சிவப்புப் பக்கத்து வால்வைத் திறந்து கேனை இணைத்தால் கேன் வெடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டில் கேஸ் நிரப்பும் முயற்சியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மலிவு கேஸைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. போலி சிலிண்டர்களில் குளோரோமீத்தேன் கலந்திருப்பது உலகின் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கக்கூடியது. சமையல் எரிவாயு வகைக் கேஸைக் கலப்பதும் உண்டு. கூலிங் காயில் கசிந்தால் அது நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் பரவும். சிலிண்டரில் கேஜ் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன அட்டவணையோடு எண் பொருந்தவில்லை என்றால் அந்தக் கேஸ் வேண்டாம். பொருந்திவிட்டால் மட்டும் அசல் என்று ஆகாது. சீல் பிரிக்காத சிலிண்டரும் பெயர் தெரிந்த தயாரிப்பும் அவசியம்.

பழைய கேஸை வால்வை அழுத்திக் காற்றில் விடுவதை அனுமதிக்காதீர்கள். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை, ஆனால் ஒரு கிலோ 1430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரம் உள்ள கடைக்கே போங்கள். அந்த இயந்திரம் பழைய கேஸை எடை போட்டும் காட்டும். வண்டியில் எவ்வளவு குறைந்திருந்தது என்ற கேள்விக்கு அதைவிடத் துல்லியமான விடை கிடையாது.

கம்ப்ரசர் உள்ளே உடைந்து உலோகப் பொடி பரவிய வண்டியில் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே போகும். டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் கூடவே மாற வேண்டும், குழாய்களைக் கழுவ வேண்டும். இன்றைய நுண்குழாய்க் கண்டன்சரைக் கழுவிப் பொடியை முழுதாக எடுக்க முடியாது. அதையும் மாற்றுவதுதான் நேர்மையான ஆலோசனை. செலவு பெரிதுதான். கம்ப்ரசர் ஆயிலின் வகையும் அளவும் தயாரிப்பாளர் சொன்னபடியே இருக்க வேண்டும். மின்சாரக் கார்களுக்குத் தனி ஆயில்.

வண்டியை எடுக்கும்போது உங்கள் வெப்பமானியை மறுபடி செருகி, வீட்டில் எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் ஐட்லிங்கிலும் ஒரு முறை பாருங்கள். நிரப்பிய கிராம், இரண்டு முள்ளின் எண்கள், மாற்றிய பொருள்கள் இவை ரசீதில் எழுதப்பட்டிருக்கட்டும், பழைய பொருள்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சாயம் போட்டிருந்தால் இரண்டு வாரம் கழித்து விளக்கடித்துப் பார்க்க நாள் குறித்துவிட்டு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஏசி தேவைப்படாவிட்டாலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட விடுங்கள். ஆயில் சுற்றி வந்து கம்ப்ரசரின் சீலை ஈரமாக வைத்திருக்கும்.